அக்காவின் புரட்டாசி பர்கர்

அந்த அக்காவின் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற ஒரே ஒரு சொல்லைக் கேட்டுவிட வேண்டும் என்று நான் ஒன்பது வருடம் காத்திருந்தேன். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அந்தச் சொல் மட்டும் சுவரைத் தாண்டி வரவே இல்லை.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், “நாந்தான் அவள எழுதச் சொன்னேன், எப்படி எழுதணும்னும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்” என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். அப்புறம் நான் எழுதியதை யார் நம்புவார்கள்?

எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அக்காவுக்கு ஒரே பதில்தான். “இது என்னா பெரிய விசயம்? இதெல்லாம் எப்பவோ செஞ்சாச்சிலா.” சொல்லும்போதே வலது கையால் காற்றை ஒரு துடை துடைப்பார். அதோடு பேச்சு முடிந்தது. மேலே கேட்டால் நமக்குத்தான் மரியாதை குறையும்.

சமூக மண்டபத்தில் பெண்களுக்கு சூம்பா ஆட்டம் சொல்லித் தருகிறார்கள் என்று ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வாழ்க்கையில் முதல் தடவை. நான் பின்வரிசையில் சுவரோடு ஒட்டி நின்றேன். அக்கா நேராக முன்வரிசைக்குப் போனார். ஆசிரியை வலது பக்கம் போனால் இவர் இடது பக்கம் போனார். அவள் கையைத் தூக்கினால் இவர் குனிந்தார். இரண்டு தடவை முட்டிக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் பின்னால் இருந்தவர்கள் யாரைப் பார்த்து ஆடுவது என்று தெரியாமல் பாதிப் பேர் அக்கா பக்கம் போய்விட்டார்கள். திரும்பி வரும் வழியில் காரில் சொன்னார்: “அந்தப் புள்ளைக்கு இன்னும் கொஞ்சம் பழக்கம் பத்தல. போகப் போகச் சரியாயிரும்.”

இன்னொரு நாள் பேரங்காடியில் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அங்கே ஒரு துரித உணவுக் கடையில் ஆளிடம் சொல்லி வாங்குவதை நிறுத்திவிட்டு, திரையைத் தொட்டு வாங்கும் பெட்டியை வைத்திருந்தார்கள். நான் உதவப் போனேன். “தள்ளுமா, எத்தன தடவ அமுக்கியிருக்கேன்” என்றார். விரலில் ஈரம் போலிருக்கிறது, திரை கேட்கவில்லை. அக்கா விடாமல் அமுக்கினார். அமுக்கிய அமுக்கில் கடைசியில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டபோது பதினோரு கப் ஐஸ்கிரீம் வரிசையாக நின்றது. நாங்கள் இரண்டு பேர்.

வேறு யாராக இருந்தாலும் அசடு வழிந்திருப்பார்கள். அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வரிசையில் நின்றவர்களைப் பார்த்து மலாயில், இன்றைக்கு எனக்குப் பிறந்தநாள், எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பள்ளிச் சீருடையில் நின்ற மலாய்ப் பெண்கள் கை தட்டிப் பாடவே ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சீனத் தாத்தா எழுந்து வந்து கை குலுக்கினார். அக்கா பிறந்தது தை மாதம். அன்றைக்கு நடந்துகொண்டிருந்தது ஆடி. தலையைச் சற்றே குனிந்து எல்லா வாழ்த்தையும் வாங்கிக்கொண்டு, எனக்கும் ஒரு கப்பை நீட்டி, “நீயும் வாழ்த்து சொல்லலா” என்றார். சொன்னேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். அக்காவுக்கு மண் ஒட்ட மீசையும் இல்லை.

ஒரே ஒரு தடவை எனக்குக் கோபம் வந்து கேட்டுவிட்டேன். “தெரியாதுன்னு சொன்னா என்னாக்கா, வாயில முத்தா உதிர்ந்துரும்?” அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னார்.

“யோங் பெங் பக்கத்துல எஸ்டேட்டு. பதினெட்டு வயசுல நானும் என் கூட்டாளியும் தெப்ராவ் ஃபேக்டரிக்கு வேல கேட்டு வந்தோம். மிசின் ஓட்டத் தெரியுமான்னு கேட்டாங்க. அவ தெரியாதுன்னா. வந்த பஸ்ஸுலயே திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்தது நான். தெரியும்னேன்.”

“தெரியுமா?”

“மிசின எங்க பாத்தேன்? எஸ்டேட்டுல ரப்பர் பால்வாளிதான் பாத்தேன்.” ஒரு தலையணை உறையை உதறினார். பிறகு என்ன நினைத்தாரோ, “அன்னிக்கே அந்த மிசின் நின்னு போச்சி. அது மிசின் கோளாறு” என்று சேர்த்துக்கொண்டார்.

இப்போது பர்கருக்கு வருகிறேன்.

அக்காவுக்கு ஒரே மகள். சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, இருட்டிய பின் திரும்பி வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் அவளும் ஒருத்தி. கூட வேலை செய்கிற கூலாய் ஊர்த் தம்பியை அவளுக்குப் பிடித்துப்போனது. அக்காவுக்கும் பையனைப் பிடித்தது. முட்டுக்கட்டை அந்தத் தம்பியின் அம்மாதான். பொல்லாதவர் இல்லை, ஆனால் பிடித்த பிடியை விடாதவர். புரட்டாசி முப்பது நாளும் சைவம், வீட்டுப் பாத்திரம் வரைக்கும் வேறு. சிங்கப்பூர் காசு பார்க்கிற பெண்ணுக்கு விரதம் ஏது, வீட்டுச் சாப்பாடு ஏது என்று அவருக்கு ஒரு சந்தேகம். மகள் இதை நினைத்து இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்னிடம்தான் அழுவாள். “சித்தி, அவங்க அம்மா வேணாம்னு சொன்னா இவரு மீற மாட்டாரு. அதோட முடிஞ்சிரும்.”

அந்த வருடம் புரட்டாசியில் அந்த அம்மாவே தொலைபேசியில் கூப்பிட்டார். புரட்டாசியில் பெண் பார்க்கிற வழக்கம் இல்லை, அதனால் முறைக்கு இல்லை, சும்மா ஒரு சனிக்கிழமை சாப்பிட்டுப் போகிறோம் என்றார். சும்மா என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? பேச்சோடு பேச்சாக, “என் மவனுக்குத்தான் இந்த மாசம் பர்கர் இல்லாம மூஞ்சே செத்துப்போச்சி” என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அக்கா உடனே, “அதுக்கென்னாங்க, சைவ பர்கரே செஞ்சி வைக்கிறேன். எங்க வீட்டுல அடிக்கடி செய்யறதுதான்” என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற மகள் தலையில் கை வைத்தாள். அந்த வீட்டில் பர்கர் என்று ஒன்று அதுவரை வேகவே இல்லை, சைவமும் இல்லை, அசைவமும் இல்லை.

புதன்கிழமை சுவருக்கு மேல் அக்காவின் தலை தெரிந்தது. “நீ சும்மாதானே இருக்க? முச்சந்தியில அந்த மலாய்க்கார அபாங் பர்கர் போடறாரே, எப்படிப் போடறாருன்னு பாத்துட்டு வா. எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரிஞ்சி வச்சிக்கிறது நல்லதுல்ல, அதுக்காகச் சொல்றேன்.”

நான் சனிக்கிழமை மட்டும் விரதம் இருக்கிற சாதி. அதனால் வேவு பார்க்கிற வேலையை மனதார ஏற்றுக்கொண்டேன். சும்மா நின்று பார்த்தால் அந்த அபாங் அண்ணன் என்ன நினைப்பார் என்று ஒன்று வாங்கினேன். வியாழனும் சந்தேகம் தீரப் போனேன், வெள்ளியும் போனேன். மூன்று நாளும் ‘ஸ்பெஷல்’தான். நம் பக்கத்தில் பர்கர் ஸ்பெஷல் என்றால் தெரியும்தானே? இறைச்சித் தட்டையைச் சூட்டுக் கல்லில் அமுக்கி, பக்கத்திலேயே முட்டையை உடைத்து ஊற்றி, அது வேகும்போதே தட்டையை நடுவில் வைத்து நாலு பக்கமும் மடித்துச் சுற்றுவார். மேலே சாஸ், பிறகு பன், பிறகு காகிதம். மூன்று நாளில் அந்தக் கை வேலை எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

இந்தப் பக்கம் அக்கா வீட்டில் ஒத்திகை நடந்தது. முதல் நாள் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாவற்றையும் குழைய வேகவைத்து உருட்டித் தட்டினார். கல்லில் போட்டதும் கலகலவென்று பிரிந்துபோனது. கரண்டியால் கிளறிவிட்டு, “பொரியல் ஒண்ணும் வேணும்ல, அதான்” என்றார். இரண்டாம் நாள் கொண்டைக்கடலையை ஊறவைத்து அரைத்து, வெங்காயம் சோம்பு எல்லாம் போட்டார். மொறுமொறுவென்று வந்தது. கடித்துப் பார்த்தால் சந்தேகமே இல்லாத மசால்வடை. அதைப் பன்னுக்குள் வைத்து மூடினால் மட்டும் வடை தன் குணத்தை விட்டுவிடுமா? அக்காவின் கணவர் பாசிர் கூடாங் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். பொரியலையும் தின்றார், வடையையும் தின்றார், எதற்கும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. புத்திசாலி மனுஷன்.

வெள்ளிக்கிழமைதான் வழி பிறந்தது. காய்களை வேகவைக்காமல் பொடியாக நறுக்கி, தண்ணீர் வற்ற வதக்கினார். தெம்பே என்கிற புளித்த சோயாக் கட்டியை உதிர்த்து வறுத்தார். உருளைக்கிழங்கு கொஞ்சம், காய்ந்த ரொட்டித் தூள் நிறைய. பிசைந்து தட்டி, ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துச் சுட்டார். தட்டை தட்டையாகவே நின்றது. நானே அசந்துபோனேன். அக்கா மட்டும் அசரவில்லை. “எப்பவும் இப்படித்தான் செய்வேன். மொத ரெண்டு நாளும் ஒனக்குக் காட்டறதுக்கு.”

சாமான் வாங்கப் போனபோதுகூட அக்காவின் கவனத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு புட்டியின் பின்னாலும் இருந்த எறும்பு எழுத்தை வாசித்தார். மயோனிஸில் ‘தெலுர்’ என்று கண்டதும் ஏதோ கொலைகாரனைப் பிடித்த மாதிரி அதைத் தூக்கிக் காட்டினார். “பாத்தியா? முட்ட! நல்லவேள நான் இருந்தேன்.” முட்டை இல்லாத மயோனிஸைத் தேடி மூன்று கடை ஏறி இறங்கினோம்.

சனிக்கிழமை காலை நான் சந்தையிலிருந்து திரும்பும்போதே அக்கா வாசலில் நின்று கை காட்டினார். அவர்கள் கூலாயிலிருந்து கிளம்பிவிட்டார்களாம். வீட்டுக்குப் போகாமல் கூடையோடு நேரே அவர் அடுப்படிக்குள் நுழைந்தேன். அந்தக் கூடையில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிய பத்து முட்டை இருந்தது. பூசணிக்காய் போன இடம் தெரியாது, கடுகு போன இடத்தை ஆராய்வார்களாம். மயோனிஸைக் கண்ணாடி போட்டுச் சோதித்த அக்கா என் கூடையைச் சோதிக்கவில்லை.

விருந்தாளிகள் வந்ததும் அக்கா கூடத்துக்குப் போய்விட்டார். “நீதான மூணு நாளாப் பாத்த, கல்லுல நீ நில்லு. நான் செஞ்சேன்னுதான் சொல்லியிருக்கேன், வெளிய தலை காட்டாத” என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

நானும் அன்று விரதம்தான். காலையில் தலைக்குக் குளித்து, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் கை இருக்கிறதே, அதற்கு விரதம் தெரியுமா? தட்டையைக் கல்லில் வைத்தேன், அமுக்கினேன், திருப்பினேன். கை தானாகப் பக்கத்தில் இருந்த கூடைக்குள் போனது. உடைத்தது, ஊற்றியது, நாலு பக்கமும் மடித்தது. அடடா, எவ்வளவு அழகாகச் சுற்ற வந்தது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு செய்து, சாலட் இலை வைத்து மூடி மகளிடம் கொடுத்தேன். அவள் பதற்றத்தில் பார்க்காமலே எடுத்துப் போனாள். மூன்றாவதற்கு முட்டையை உடைத்து ஊற்றியபோதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன்!

முட்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்படி வாசலுக்கு ஓடினேன். கத்த வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா கை கழுவி, சாமியை நினைத்துக் கண்ணை மூடித் திறந்து, பர்கரை இரண்டு கையாலும் தூக்கியிருந்தார். இலைக்குக் கீழே மஞ்சளாக ஓரம் எட்டிப் பார்த்தது. எதிரே நின்ற அக்கா அதைப் பார்த்துவிட்டார். முதலில் அந்த ஓரத்தை, அடுத்து வாசலில் நின்ற என்னை, பிறகு என் கையிலிருந்த முட்டை ஓட்டை.

ஒரே தாவு. அந்த அம்மாவின் வாய்க்கும் பர்கருக்கும் ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. அக்கா அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டார். விருந்துக்கு வந்தவர் கையிலிருந்து சாப்பாட்டைப் பிடுங்குவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

“என்னாங்க இது?” என்றார் அந்த அம்மா. முகம் சிவந்துவிட்டது.

அக்கா நினைத்திருந்தால் ஆயிரம் சொல்லியிருக்கலாம். பதினோரு ஐஸ்கிரீமைப் பிறந்தநாள் ஆக்கியவருக்கு ஒரு பொய்யா கிடைக்காது? உப்பு போடவில்லை, சூடு போதவில்லை, உள்ளே முடி கிடந்தது. நான் மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லுங்கக்கா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்க. இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்காரி செய்த கூத்து என்று என் பக்கம் கையைக் காட்டியிருந்தாலும் போதும், அது உண்மையும்கூட. நான் முன்னால் ஓரடி வைத்தேன். அக்கா கண்ணாலேயே என்னை நிறுத்திவிட்டார்.

“முட்ட போட்டுட்டேன்” என்றார். “நாந்தான் போட்டேன். சாப்பிடாதீங்க. எனக்கு பர்கர் செய்யத் தெரியாதுங்க. இதான் மொத தடவ. அடிக்கடி செய்வோம்னு சொன்னது பொய். மன்னிச்சிருங்க.”

ஒன்பது வருடமாக நான் காத்திருந்த சொல். அது வந்தபோது எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. எப்போதும் காற்றைத் துடைக்கிற அந்த வலது கை அன்று துடைக்கவில்லை.

அந்த அம்மா மெதுவாகத் தன் மகன் பக்கம் திரும்பினார். அந்தத் தம்பியின் தட்டு காலி. கன்னம் இரண்டும் உப்பியிருந்தது.

“துப்புடா!”

“முழுங்கிட்டேம்மா” என்றான் அவன், பாவம், மிகவும் மரியாதையாக.

“முட்டன்னு தெரியலயா?”

“தெரிஞ்சிச்சி. நல்லாருந்திச்சி, அதான்…”

“அலமாக்!” என்று அந்த அம்மா மலாயில் அலறித் தலையில் அடித்துக்கொண்டார். அடித்த கையை எடுக்காமலே சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் நாற்காலியே குலுங்கியது. மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பர்கரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“ஏங்க, சொல்லாம இருந்திருந்தா நானும் தின்னுருப்பேன். ஒங்க பொய்யும் நின்னுருக்கும்” என்றார் அந்த அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“ஒங்க விரதம்ங்க. அதுல நான் எப்படி வெளையாடறது?”

அந்த அம்மா எழுந்து சேலையை இடுப்பில் செருகினார். “வேற தோசக்கல்லு இருக்கா? எனக்கு முட்ட இல்லாம ஒண்ணு சுட்டுக் குடுங்க. நான் கூட நின்னு பாக்குறேன். எனக்கும் இது செய்யத் தெரியாதுல்ல” என்று நேரே அடுப்படியை நோக்கி நடந்தார்.

அங்கே என் கூடையில் மீதி முட்டைகள் அப்படியே இருந்தன. நான் முந்திக்கொண்டு ஓடி, கூடைமேல் துண்டைப் போட்டு மூடினேன். ஓடுகளைப் போட இடமில்லாமல் முதுகுக்குப் பின்னால் கைக்குள் நொறுக்கி வைத்துக்கொண்டு, அவர்கள் சுட்டு முடிக்கும் வரை சிலை மாதிரி நின்றேன். “நீங்க யாரு?” என்று கேட்டார். “அடுத்த வீடு” என்றேன். வேறு எதைச் சொல்ல? முழங்கை வரை பிசுபிசுவென்று வழிந்தது.

அந்த அம்மா இரண்டு பர்கர் சாப்பிட்டார். புறப்படும்போது மகளின் கன்னத்தைத் தட்டி, “தீபாவளி முடியட்டும், மொறையா கேட்டு வர்றோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது கேட்டேன். “ஒடச்சது நானுக்கா. ஏன் பழிய நீங்க எடுத்துக்கிட்டீங்க?”

“ஒன்னச் சொன்னா, செஞ்சது நீன்னு தெரிஞ்சிரும்லா. நான் செஞ்சேன்னுல்ல சொல்லியிருந்தேன்” என்றார், கல்லைத் தேய்த்துக்கொண்டே. செய்யவே தெரியாது என்று சொன்ன பிறகு அதில் காப்பாற்ற என்ன மிச்சம் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. வாய் இருக்கிறது என்று எல்லாவற்றையும் கேட்டுவிடவும் முடியாது.

கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. அந்த அம்மா பார்க்கிற ஆளிடமெல்லாம் பர்கர் கதையைச் சொன்னார், அன்போடுதான் சொன்னார். சாப்பாட்டுப் பந்தியில் அவர் சொந்தக்காரப் பெண்கள் ஐந்தாறு பேர் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். “புரட்டாசிச் சனியில முட்ட போடக் கூடாதுன்னுகூடவா தெரியாது?” என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்த மண்டபத்தில் அவர் கேலிக்கு ஆளாவதை என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்தேன். “அது அக்கா இல்லீங்க, அன்னிக்கு முட்டைய ஒடச்சது…” என்று ஆரம்பித்தேன்.

முடிக்கவில்லை. பக்கத்து இலையிலிருந்து ஒரு முழு லட்டை எடுத்து அக்கா என் வாய்க்குள் திணித்துவிட்டார். “மொதல்ல சாப்புடு, கல்யாண லட்டு” என்று உள்ளங்கையால் என் வாயை அழுத்தி மூடினார். கண் மட்டும் என்னைப் பார்த்து, பேசினால் தொலைத்துவிடுவேன் என்றது. நான் மென்று விழுங்குவதற்குள் அந்தப் பெண்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அக்கா இலையோரத்தில் சிந்தின பூந்தியைக் கூட்டி எடுத்து, அதையும் என் கையில் வைத்துவிட்டு, அடுத்த பந்திக்கு ஆள் உட்கார வைக்கப் போனார்.